முதல் பகுதி: தெலுங்கு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு பள்ளியும் நாமினல் ரோல் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும். மாணவர் பெயர், பிறந்த தேதி, பயிற்று மொழி, எழுதப்போகும் பாடங்கள் எல்லாம் அதில் இருக்கும். அதன்படிதான் ஹால் டிக்கெட் வரும். 2015 டிசம்பர் கடைசியில், ஓசூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் நாமினல் ரோல் நகல் என் மேஜைக்கு வந்தது. பயிற்று மொழி என்ற கட்டத்தில் தெலுங்கு என்றிருந்தது. அதையடுத்து, முதல் பகுதி என்ற கட்டத்தில் தமிழ். பட்டியலில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஒரே ஒரு பெண்ணின் வரிசையில் மட்டும் யாரோ பென்சிலால் ‘தெலுங்கு’ என்று எழுதிவிட்டு அழித்திருந்தார்கள். அழித்த தடம் ஜெராக்ஸில்கூட விழுந்திருந்தது.

அந்தப் பெண்ணின் அப்பாதான் என் கட்சிக்காரர். ராத்திரி பஸ் பிடித்து வந்து, காலையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கும் என் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் தக்காளி, மழை பெய்தால் கேழ்வரகு என்று பிழைக்கும் சிறு விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுவார். ஓசூர் மார்க்கெட்டில் தமிழ். பூவை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் போனால் கன்னடம். அந்தப் பகுதியில் இது சாதாரணம். இவ்வளவு மொழி தெரியும் என்று யாரும் பெருமை பேசிக்கொள்வதுகூட இல்லை.

“நாங்க தமிழுக்கு விரோதி இல்ல சார்,” என்றுதான் பேச ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே அதைச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. “பொண்ணு தமிழ் நல்லாப் பேசும். எழுதத்தான் வராது. எழுதச் சொல்லிக்குடுக்க ஆள் போடவே இல்ல. இப்ப வந்து பரீட்சை எழுதுன்னா எப்படி சார் எழுதும்?”

வழக்கு மொத்தமும் இந்த நாலு வாக்கியத்துக்குள் இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தனியாக வந்து நிற்பதில்லை. பின்னால் ஒரு சட்டம், அதற்கும் பின்னால் ஒரு வரலாறு என்று இழுத்துக்கொண்டுதான் வரும்.

சட்டம், 2006-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம். பள்ளிகளில் தமிழ் முதல் பகுதிப் பாடமாகக் கட்டாயம் என்றது அது. ஒரேயடியாக எல்லா வகுப்புக்கும் கொண்டுவரவில்லை. 2006-07-இல் முதல் வகுப்பு, மறு வருடம் இரண்டாம் வகுப்பு என்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட வேண்டும். முறையாக யோசித்துச் செய்த ஏற்பாடு. குழந்தை ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுதத் தொடங்கினால் பத்து வருடம் கழித்துப் பொதுத்தேர்வு எழுதுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. என் கட்சிக்காரரின் மகள் 2006 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள். இந்தச் சட்டத்தின் முதல் அணி அவள்.

ஏட்டில் ஏறிய ஏற்பாடு பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. அவள் படித்த தெலுங்கு வழிப் பிரிவில் தமிழாசிரியர் பணியிடம் இல்லை. ஆறாம் வகுப்பில் ஒருவர் மாற்றுப் பணியில் வந்து சில மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு மாறிப் போய்விட்டார். பாடப் புத்தகம் மட்டும் வருடா வருடம் தவறாமல் வந்தது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அவர் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடையில் இருந்து வாங்கிவந்ததுபோல முனை மடங்காமல் இருந்தது. கூடவே அவளுடைய தமிழ் நோட்டு ஒன்று. முதல் சில பக்கங்களில் உயிரெழுத்து, உயிர்மெய், ‘மரம்’, ‘படம்’. ‘ற’ எழுதும்போதெல்லாம் கை தெலுங்கு எழுத்தின் வளைவுக்குப் பழகியிருந்ததால் கடைசிச் சுழிப்பு மேலே ஏறியிருந்தது. சிவப்பு மையில் திருத்தம், ‘நன்று’ என்று ஒரு குறிப்பு. அதன்பிறகு நோட்டு முழுக்க வெள்ளைத்தாள். ஆசிரியர் மாற்றலாகிப் போன இடம் அதுதான்.

இன்னொன்றையும் அவரிடமிருந்து அறிந்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை முன்னின்று பாடும் பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. பாட்டு மனப்பாடம், குரலும் நன்றாக இருக்கும். கூட்டம் முடியும்போது தேசிய கீதமும் அவர்கள்தான் பாடுவார்கள். ஒன்று தமிழ், ஒன்று வங்காளம். இரண்டையும் மனசாரப் பாடிவிட்டுத் தெலுங்குப் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளும் ஒரு குழந்தை. இந்தியா என்று நாம் சொல்லிக்கொள்வது இப்படி ஒரு பிள்ளையைத்தான் என்று எனக்கு அப்போதே பட்டது. அவளைப் பார்த்து ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்பதுபோல் அந்த நாமினல் ரோல் இருந்தது.

தேர்வில் முதல் பகுதி மொழிப்பாடம், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி கணிதம், அறிவியல், சமூக அறிவியல். இந்த மூன்று பகுதிகளில்தான் தேர்ச்சி. முதல் பகுதியில் தமிழ் வந்து உட்கார்ந்ததும், தெலுங்கும் உருதும் கன்னடமும் மலையாளமும் நான்காம் பகுதிக்கு, விருப்பப் பாடமாகத் தள்ளப்பட்டன. அதில் எழுதி மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அப்போது அது தேர்ச்சிக் கணக்கில் சேராது. பத்து வருடம் படித்த மொழி கணக்கில் வராது, படிக்காத மொழியில் 35 வாங்காவிட்டால் தேர்ச்சி இல்லை. அவள் மற்றப் பாடங்களில் கெட்டிக்காரி. கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை என்று அவர் மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டினார்.

அவருடன் வந்திருந்த இன்னொரு பெற்றோர், படித்தவர், கொஞ்சம் கோபக்காரர், சட்டமே செல்லாது என்று மனுவில் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் மறுத்துவிட்டேன். அந்தச் சட்டத்தின் செல்லுந்தன்மை ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, சட்டம் நின்றிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மராத்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துக் குஜராத்தி மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் போன வழக்கில், மாநில மொழியைக் கற்பிக்கச் சொல்லும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டத்தில் எங்களுக்கு இடம் குறுகலாகத்தான் இருந்தது.

ஆனால் நான் மறுத்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. சட்டம் சொல்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தாலுகா ஆபீஸில் மனு எழுத, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்க, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்ததில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கையெழுத்துப் போட, அரசுப் பணித் தேர்வு எழுத. தமிழ் தெரியாமல் அவளை விட்டுவிடுவது அவளுக்கு நாம் செய்யும் உபகாரம் ஆகாது. அதனால் மனுவில் இரண்டு கேட்டோம். அந்த ஆண்டுத் தேர்வில் முதல் பகுதியைத் தெலுங்கிலேயே எழுத அனுமதி வேண்டும். பள்ளிக்குத் தமிழாசிரியர் வேண்டும். இரண்டாவதாகக் கேட்டதைப் படித்துவிட்டு அந்தக் கோபக்காரர், “நாமளே தமிழ் வாத்தியார் கேக்கறதா?” என்றார். என் கட்சிக்காரர்தான் அவரைச் சமாதானப்படுத்தினார். “கேட்டா என்ன தப்பு? பொண்ணு கத்துக்கட்டும்.”

பெண் மைனர் என்பதால் அவர்தான் மனுதாரர். பிரமாணப் பத்திரத்தில் தெலுங்கில் கையெழுத்திட்டார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தெலுங்கில் படித்துக்காட்டிப் புரியவைத்தேன் என்று ஒருவர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நெல்லூர்க்காரரான ஒரு ஜூனியர் வக்கீலைப் பிடித்தேன். படித்துக்காட்டி முடித்ததும் அந்த ஜூனியர் என்னிடம், “சார், இவர் பேசற தெலுங்கு எங்க ஊர்த் தெலுங்கே இல்லை. பாதி வார்த்தை தமிழ், பாதி கன்னடம்,” என்றார். நெல்லூருக்குப் போனால் இவர் வெளியூர்க்காரர்தான். இவர் வேர் ஆந்திரத்தில் இல்லை, ஓசூரில்தான் இருக்கிறது.

அந்த மண்ணின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். ஓசூர்ப் பகுதி பழைய சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்துக் கிராமம். 1953-இல் ஆந்திரம் பிரிந்து, 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, 1960-இல் திருத்தணி நமக்கு வந்தது வரை, கோடுகள் மாறிக்கொண்டே இருந்தன. ம.பொ.சி. போன்றவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடியதை நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் அந்தப் பக்கம் நம்மவர் கொஞ்சம் பேர், இந்தப் பக்கம் அவர்கள் கொஞ்சம் பேர் இருந்தே தீர்வார்கள். சித்தூர்ப் பக்கம் தமிழர் இருக்கிறார்கள், ஓசூர்ப் பக்கம் தெலுங்கர் இருக்கிறார்கள். எவரும் பெட்டி படுக்கையோடு வந்து குடியேறியவர் அல்லர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் இருந்த இடத்துக்குத்தான் கோடு வந்தது.

1955-இல் அறிக்கை கொடுத்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும், இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். மொழிவாரியாக எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொரு மாநிலத்திலும் மொழிச் சிறுபான்மையினர் இருப்பார்கள், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். அதன் விளைவாகத்தான் 1956-இல் ஏழாவது திருத்தம் வந்தது. அரசியல் சாசனத்தில் 350-ஏ, 350-பி என்ற இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது முதலாவது. மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு தனி அதிகாரி வேண்டும் என்கிறது இரண்டாவது. இதற்கெல்லாம் முன்பே, 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோலை வைத்திருந்தது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுக்க 40 பிள்ளைகள் ஒரு தாய்மொழியைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் போட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் தாய், அடிப்படை உரிமைகளில் இருக்கும் 29-ஆவது பிரிவு. தனக்கென்று ஒரு மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்தப் பிரிவுக் குடிமக்களும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமை உடையவர்கள் என்பது அதன் சாரம். வேரைக் காத்துக்கொள்வதை, நாட்டுப்பற்றுக்குக் கொடுத்த விதிவிலக்காகவோ சலுகையாகவோ அரசியல் சாசனம் வைக்கவில்லை. பேச்சுரிமையும் சமத்துவமும் இருக்கும் அதே அத்தியாயத்தில், இந்தியக் குடிமகனாக இருப்பதன் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. நான் தெலுங்குக்காரன், ஆகவே இந்தியனாக இருக்க எனக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள் என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் இந்தியன், ஆகவே என் தெலுங்கு எனக்கு உண்டு என்று கேட்கலாம். இந்த வழக்கில் எனக்குச் சொல்ல இருந்தது இதுதான். அதை முழுதாகச் சொல்ல நீதிமன்றத்தில் நேரம் கிடைக்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

நான் இந்த வழக்கை எடுத்தது வீட்டில் பெரிய சர்ச்சையானது. என் அப்பா 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் விழுந்தபோது கூட்டத்தில் இருந்தவர். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது எண்பது வயதை நெருங்கும் அந்தக் குரல் இன்றைக்கும் நடுங்கும். அவருக்கு நான் செய்வது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

“கர்நாடகாவில கன்னடம் கட்டாயம். மகாராஷ்டிராவில மராத்தி கட்டாயம். நம்ம ஊர்ல மட்டும் தமிழ் வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போவாங்க, அதுக்கு நீ வக்காலத்து. எங்களை அன்னிக்கு எதுக்குடா அடிச்சாங்க?”

“வேண்டாம்னு யாரும் சொல்லலைப்பா. கோலார் தங்கவயல்ல நம்ம ஆளுங்க இருக்காங்க. அங்க இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு என்ன செய்யணும், சொல்லுங்க.”

“கன்னடமும் படிக்கட்டும், தமிழும் படிக்கட்டும்.”

“படிச்ச தமிழுக்கு மார்க் உண்டா, இல்லையா?”

“மார்க் இல்லாட்டி எவன் படிப்பான்?”

மனுவின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இதைத்தான் கேட்டிருக்கிறோம் என்றேன். படித்துப் பார்த்தார். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தருக்கு விலக்குக் கொடுத்தால், அந்த ஓட்டை வழியாகத் தமிழே படிக்காமல் ஓட நினைக்கும் பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் நுழைந்துவிடும் என்றார். அந்தப் பயம் வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியாது. இன்றுவரை இந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

நேர் எதிர்த் திசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. நீதிமன்றத்தில் பழகிய ஒரு வக்கீல் என்னைத் தேடி வந்து பாராட்டினார். “நல்ல கேஸ் எடுத்திருக்கீங்க. இந்த மாநில வெறிக்கு ஒரு பாடம். நாடு முழுக்க ஒரே மொழி வெச்சிருந்தா இந்தத் தகராறே வந்திருக்காது,” என்றார். அந்தப் பாராட்டு எனக்குக் கசந்தது. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை நாள்கணக்கில் மல்லுக்கட்டி, முன்ஷி - அய்யங்கார் சமரசத்தில் வந்து நின்றது, நாடு முழுக்க ஒரே மொழி என்பது முடியாத காரியம் என்பதால்தான். அங்கே தேசிய மொழி என்று எதையும் எழுதவில்லை. ஆட்சி மொழி என்றுதான் எழுதினார்கள். 1965-இல் இந்த மாநிலம் பற்றியெரிந்ததும் அதே காரணத்தால். அவரிடம் சொன்னேன்: “ஓசூர்ப் பெண்ணுக்குத் தெலுங்கைக் காப்பாற்றிக் கொடுக்கும் பிரிவுதான் எனக்குத் தமிழையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் போகும்.” அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் அப்பாவும் அந்த வக்கீலும் ஒருவரையொருவர் கண்டால் ஐந்து நிமிடம் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். ஆனாலும் பொதுவாக ஒன்றை நம்புகிறார்கள். ஒரு கூரைக்குக் கீழே ஒரு மொழிதான் நிலைக்கும் என்று. கூரையின் அளவில்தான் வேறுபாடு.

விசாரணை நாளில் அரசு வழக்கறிஞர் திறமையாக வாதாடினார். குறை சொல்ல முடியாத வாதம். 350-ஏ தொடக்கக் கல்வியைத்தான் சொல்கிறது, பத்தாம் வகுப்பை அல்ல என்றார். கட்டாயம் எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்தால்தான் ஒரு மாநிலத்து மக்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழ முடியும், தமிழ் தெரியாத பிள்ளைகள் நாளை வேலைக்கு நிற்கும்போது இந்த நீதிமன்றமே அரசைக் குறை சொல்லும் என்றார். மராத்தி வழக்கின் தீர்ப்பைப் படித்தார்.

நான் சொன்னது இதுதான். அந்த வழக்கில் கேள்வி, மாநில மொழியைக் கற்பிக்கலாமா என்பது. கற்பிக்கலாம் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. இங்கே கேள்வி, கற்பிக்காததைத் தேர்வில் கேட்கலாமா என்பது. அதோடு, 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, யார் மொழிச் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அலகாக வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பதையும் காட்டினேன். அந்தத் தீர்ப்பில் ஓர் உருவகம் வரும். வெவ்வேறு நிறப் பளிங்குத் துண்டுகளைச் சேர்த்து இந்திய வரைபடம் ஒன்று செய்தால், ஒவ்வொரு துண்டும் தன் நிறத்தோடு இருந்துதான் அந்தப் படம் முழுமையாகும், ஒரு துண்டை எடுத்தாலும் படம் கெட்டுவிடும் என்று. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு பகுதியைப் பார்ப்பது அபூர்வம். இந்த நாட்டின் ஒற்றுமை எந்த வகையானது என்று நீதிபதிகளுக்கே விளக்கத் தோன்றியிருக்கிறது.

இதற்கு முன்னோடியாக இன்னொரு வழக்கையும் மனதில் வைத்திருந்தேன். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கேரளத்தில் தேசிய கீதம் பாடவில்லை என்று 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதம் ஒலிக்கும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள்; பாட மட்டும் அவர்கள் நம்பிக்கை இடம் தரவில்லை. நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986 ஆகஸ்டில் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பெழுதினார். நாட்டுக்கு மரியாதை காட்ட எல்லாரும் ஒரே மாதிரி வாயசைக்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்த வக்கீலும் சொல்லலாம். என் வழக்கில் அதை எடுத்துக்காட்ட அவசியம் வரவில்லை. என் கட்சிக்காரரின் மகள் எல்லாப் பாட்டையும் பாடுகிறவள்.

நீதிபதி நீண்ட நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் மனுதாரரின் மகளுக்குத் தமிழ் தெரியுமா?” என்றார்.

“பேசத் தெரியும். எழுதக் கற்றுத்தர யாரும் இல்லை.”

அரசுத் தரப்பைப் பார்த்து, அந்தப் பள்ளியில் 2006 முதல் தமிழாசிரியர் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அரசு வழக்கறிஞர் பின்னால் நின்ற அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கோப்பைப் புரட்டினார். கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார்கள். அந்தப் பதிலிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மடங்காத அந்தத் தமிழ்ப் புத்தகத்தையும், ஆறாம் வகுப்பு நோட்டையும் அப்போதுதான் மேலே கொடுத்தேன். நீதிபதி நோட்டைத் திறந்து, எழுதியிருந்த கடைசிப் பக்கத்தையும் அடுத்த வெள்ளைத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த ஆண்டு மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் பிள்ளைகள் முதல் பகுதியைத் தங்கள் தாய்மொழியிலேயே எழுத உயர் நீதிமன்றத்தில் வழி பிறந்தது. உருதுப் பிள்ளைகள், கன்னடப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள் என்று பல தரப்பிலும் மனுக்கள் வந்திருந்தன. எங்களுடையது அவற்றில் ஒன்று. என் கட்சிக்காரரின் மகள் தெலுங்கில் தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணில் தேறினாள். அது அந்த ஆண்டுக்கான நிவாரணம்தான். அதன்பிறகும் பிள்ளைகள் மறுபடி மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில்கூட, உச்ச நீதிமன்றம் விலக்கை இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டித்துத்தான் உத்தரவிட்டது. பிப்ரவரியில் உத்தரவு வந்தால் அந்தப் பிள்ளைகள் எதைப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தேர்வு நெருங்கும் வரை எந்த மொழியில் எழுதப்போகிறோம் என்று தெரியாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்திருப்பதை எந்த மொழிப்பற்றும் நியாயப்படுத்தாது.

வழக்கில் எங்கள் இரண்டாவது கோரிக்கையை யாரும் கவனிக்கவில்லை. பத்திரிகைகளில் ‘தமிழிலிருந்து விலக்கு’ என்று செய்தி வந்தது. ஆசிரியர் கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. தமிழ் ஆர்வலர்கள் சிலர் என்மேல் வருத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவராவது அந்தப் பள்ளிக்குத் தமிழாசிரியர் கேட்டு ஒரு மனு போட்டிருந்தால் எனக்குக் கோடி புண்ணியமாக இருந்திருக்கும். தமிழைக் கட்டாயமாக்குவதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள்; எல்லையோர ஊரில் ஒரு வகுப்பறைக்குத் தமிழ் வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஆளில்லை. தமிழ் மேல் அக்கறை உள்ளவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பெண் பத்து வருடம் தமிழுக்குக் காத்திருந்தாள். நாம்தான் போகவில்லை.

சில வருடம் கழித்து என் கட்சிக்காரர் மறுபடி வந்தார். மகள் டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பக்கத்து மேஜைக்காரப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுதப் பழகிவிட்டாளாம். அவளுடைய சின்னத் தம்பியை வழக்கு நடந்த வருடமே ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். “இன்னொரு வாட்டி கோர்ட்டுக்கு வர எனக்குத் தெம்பு இல்ல சார்,” என்றார். அவன் தமிழ் நன்றாக எழுதுகிறான். தெலுங்கில் தன் பெயரை எழுதத் தெரியாது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்துப் பார்த்தாள், அவன் உட்காரவில்லை.

ஊர்ப் பள்ளியில் தெலுங்குப் பிரிவு இன்னும் இருக்கிறது. அவர் தம்பி மகன் அதில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். தெலுங்காசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பதில் சொல்கிறார்களாம். அவர் ஒரு தாளில் அந்த வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். இருவரும் சேர்ந்து எண்ணினோம். 1949-இல் வைத்த அளவு பத்து. இங்கே அதற்கு மேலேயே இருந்தது. தெலுங்காசிரியர் இடம் ஒன்று, தமிழாசிரியர் இடம் ஒன்று, இரண்டையும் நிரப்பச் சொல்லி அவர் தம்பி பெயரில் புதிதாக மனு போட்டிருக்கிறோம். எதிர்மனு தாக்கல் செய்ய அரசுத் தரப்பு அவகாசம் கேட்டிருக்கிறது.